மாட்ச் இல்லாத சனிக்கிழமை

ஏப்ரல் 5, சனி

தயா, இந்த நேரத்தில் எழுதத் தொடங்கியதற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள். ஊர் உறங்கிவிட்டது. ஆரூரன் இப்போதுதான் கண் அயர்ந்தான். பகல் முழுக்க அவன் என் கையில், இறக்கினால் அழுகை. எழுத்து கோணலாக இருந்தால் அது நித்திரை தூங்குகிற கை என்று நினைத்துக்கொள்.

இவருடைய பெற்றோல் நிலையத்தில் யாரோ கொடுத்த பழைய டயரி ஒன்று மேசை லாச்சிக்குள் வெறுமையாகக் கிடந்தது. கிழமைகள் பொருந்தவில்லை. நானே வெட்டி மாற்றி எழுதுகிறேன். இரவு வேலைக்கு அவர் போகிற நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதி, கடைசியில் கட்டாக உனக்கு அனுப்பிவிடலாம் என்று யோசனை. ஃபோனில் கதைத்தால் பாதி மறந்துபோகிறது. மற்றப் பாதி, அவர் பக்கத்தில் இருந்தால், சரி, அதை விடு.

இன்றைக்கு நீ வந்திருக்க வேண்டும். லெஸ்ரரிலிருந்து பிள்ளையைப் பார்க்க வருகிறேன் என்று உடுப்பெல்லாம் வாங்கி வைத்திருந்தாய். வியாழன் அன்று என்னவர் ரஜீவன் உனக்கு ஃபோன் எடுத்து, "சனி மாட்ச் தங்கச்சி, கார் நிப்பாட்ட ஏலாது, நிப்பாட்டினா இழுத்துக்கொண்டு போயிடுவாங்கள்" என்று சொன்னாராம். அது மெய்தான். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் மைதானம். விளக்குக் கம்பங்களில் மஞ்சள் பலகை மாட்டிவிடுவார்கள். மாட்ச் நாளில் இங்கே குடியிருப்பவர்கள் மட்டும்தான் தெருவில் கார் விடலாம். வருகிறவர்களுக்கென்று ஒவ்வொரு வீட்டுக்கும் கவுன்சில் ஒரு விசிட்டர் பேர்மிட் தருகிறது. எங்களுடையதை உனக்கு வைத்திருக்கலாம் என்று தேடினேன்.

"எங்கையப்பா அந்தப் பேர்மிட்?"

"அதை நான் குடுத்திட்டன். ஒரு வெள்ளைக்காரன் கேட்டவன், நல்ல விலைக்கு. சும்மா லாச்சிக்குள்ள கிடந்து என்ன பிரயோசனம்? எங்களிட்டை ஆர் வருகினம்?"

"தயா வாறன் எண்டவள்."

"வரட்டுமன். மாட்ச் இல்லாத நாளாப் பாத்து வரட்டும். நீர் ஏன் யோசிக்கிறீர்?"

கோபமாகச் சொல்லவில்லை. 'நீர்' என்றுதான் சொன்னார். உன்னுடையவரும் அப்படித்தானே கூப்பிடுவார். மரியாதையும் நெருக்கமும் பாதிபாதி கலந்த சொல். அது இருக்கும்வரை எல்லாம் சரி.

எங்கள் முற்றத்தில் இன்று மூன்று கார். காருக்கு முப்பது பவுண். ஒரு கார் வாசற்படியில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றது. அவர் செம்மஞ்சள் உடுப்பை மாட்டிக்கொண்டு சந்தியில் பூட்டிக்கிடக்கிற கம்பளக் கடையின் வளவுக்குப் போய்விட்டார். அங்கேயும் அவர்தான் கார் அடுக்குகிறவர். மாட்ச் முடிந்து சனம் கலையும்வரை வரமாட்டார். நான் மேல்மாடி யன்னலில் ஆரூரனை வைத்துக்கொண்டு குதிரைப் பொலிஸைக் காட்டினேன். வெங்காயம் பொரிகிற வாசம் யன்னலுக்குள்ளால் வந்து தொட்டில் துணியெல்லாம் ஏறிவிட்டது. கோல் விழும்போது கண்ணாடி அதிர்கிறது. வல்வெட்டித்துறை மைதானம் நினைவுக்கு வந்தது. அண்ணா கோல் காத்த காலத்தில் உதைபந்தாட்டம் மழைக்கு மட்டும்தான் நிற்கும். வருஷம் முழுக்கச் சுற்றுப்போட்டி. இங்கேயும் அப்படித்தான் போலிருக்கிறது.

ஏப்ரல் 19, சனி

பிள்ளை நித்திரை. மூச்சு ஒழுங்காக வருகிறது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

மத்தியானம் காய்ச்சல் ஏறிவிட்டது. நெற்றி தோசைக்கல். பனடோல் பாணி மருந்து கொடுத்தேன், கக்கிவிட்டான். பிறகு கை கால் இழுத்தது, கண் மேலே போனது. தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். வெளிப்பக்கம் திறக்கிற கதவு, கை நுழைகிற அளவுக்குத்தான் திறந்தது. அதற்கு மேல் கார்.

அவருக்கு ஃபோன் எடுத்தேன். "ஆக்கள் உள்ளுக்குப் போயிட்டாங்கள், இனி ஆரைத் தேடுறது? ஈரத்துணி போடும். மாட்ச் முடியட்டும்," என்றார். பின்னால் கார் ஹோர்ன் சத்தம். அவருக்கு நான் சொன்னது சரியாகக் கேட்டிருக்காது.

மேலே ஓடி யன்னலால் கத்தினேன். எனக்கு இவ்வளவு பெரிய குரல் இருக்கிறது என்று இன்றுதான் தெரிந்தது. பக்கத்து வீட்டு ஓட்ரி தன் முற்றத்தில் அட்டைப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜமேக்காக்காரி, ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை, மாட்ச் நாளில் அவளும் முற்றத்தை வாடகைக்கு விடுவாள். பலகையை எறிந்துவிட்டு வந்தாள். நேரம் பிந்தி மைதானத்துக்கு ஓடிக்கொண்டிருந்த நாலு தடியன்களைப் பிடித்தாள்.

"டேய், மாட்ச் கிடக்கட்டும். உள்ளுக்கை குழந்தை சாகக் கிடக்குது. இந்தக் காரைத் தூக்கு!"

அவள் சொன்னது ஆங்கிலம். எனக்குக் காதில் விழுந்தது இப்படித்தான். கழுத்தில் சால்வை, ஒருவன் வாயில் பாதி பேர்கர். நாலு பேரும் காரின் பின்பக்கத்தைப் பிடித்து, "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று குலுக்கிக் குலுக்கித் துள்ளவைத்து அரக்கினார்கள். கதவு திறந்தது. வீதி அடைத்திருந்ததால் அம்புலன்ஸ் வராது என்று சொல்லி, ஓட்ரி என்னை மைதான வாசலில் இருந்த முதலுதவிக் கூடாரத்துக்கே இழுத்துக்கொண்டு போனாள். அங்கிருந்து ஆஸ்பத்திரி.

காய்ச்சல் வலிப்பாம். பயப்பட ஒன்றுமில்லையாம். ஆனால் டொக்டரம்மா பிள்ளையின் நிறையைப் பார்த்துவிட்டு ஏன் மூன்றாவது ஊசி போடவில்லை, ஏன் கிளினிக்குக்கு வரவில்லை என்று கேட்டாள். மாட்ச் என்று சொன்னேன். அவளுக்கு விளங்கவில்லை. இரண்டு தரமும் தாதி வீட்டுக்கு வர இருந்து, கார் விட இடமில்லாமல் திரும்பிப் போனதாக அவர்தான் சொன்னவர் என்று நான் அவளுக்கு விளக்கினேன். அவள் எதையோ எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தால் அவர் வாசலில். கார்க்காரன் கீறல் விழுந்தது என்று சண்டை பிடித்துவிட்டுப் போனானாம்.

"நீ ஏன் ஊரைக் கூட்டினனீ?"

நீ என்றார். நாள் முழுக்க வெயிலில் நின்ற மனுஷன். களைப்பு.

ஏப்ரல் 22, செவ்வாய்

என் ஃபோன் விழுந்து கண்ணாடி வெடித்துவிட்டது. திருத்தக் கொண்டுபோயிருக்கிறார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

அவருக்குள்ளும் பயம் இருந்திருக்கிறது, தயா. காட்டிக்கொள்ளத் தெரியாது, அவ்வளவுதான். முற்றத்தில் ஒரு செங்கல் பதித்திருக்கிறார். முன் சில்லு அந்தக் கல்லைத் தாண்டக்கூடாது. கதவு இப்போது பாதி திறக்கும். இன்னொன்றும் செய்தார்: கார் விடுகிறவர்கள் இனிக் கார்த் திறப்பை எங்களிடம் தந்துவிட்டுப் போக வேண்டும். வாசலுக்குப் பக்கத்தில் கொளுவி அடித்திருக்கிறார். மாட்ச் முடிந்து அவர்கள் வந்து தட்டினால் எடுத்துக் கொடுப்பது என் வேலை.

"இப்ப சந்தோஷம்தானே உமக்கு?" என்று கேட்டார். சந்தோஷம் என்றேன்.

மற்ற நாட்களில் கதவை வெளியால் பூட்டிக்கொண்டு போகிறார். அன்றைக்கு மாதிரி நான் பதற்றத்தில் பிள்ளையோடு தெருவுக்கு ஓடிவிடுவேனாம். அது பிழையென்றும் சொல்ல முடியாது. நான் பதறுகிறவள்தானே. பல்கலைக்கழகத்தில் பரீட்சை நாளில் பதற்றத்தில் ஒரு வாய் சாப்பிடமாட்டேன், நீ இஞ்சிச் சோடா வாங்கித் தருவாய்.

பிள்ளையைத் தள்ளுகிற பிராமில் ஒரு சில்லு ஆடுகிறது என்று கழற்றிக் கொண்டுபோனார். கார் டிக்கிக்குள் கிடக்கிறது.

மே 3, சனி

ஃபோன் இன்னும் வரவில்லை. ஓட்ரி பிள்ளை சுகமோ என்று கேட்டு வந்து தட்டினாளாம். "அவளோட உமக்கென்ன கதை?" என்றார். ஒரு கதையும் இல்லை என்றேன்.

மே 18, ஞாயிறு

இன்றைக்குப் பெரிய மாட்ச் போல. விடியற்காலையிலேயே சனம். முற்றம் நிறைந்து, கொளுவி நிறையத் திறப்புகள். முடிந்த பிறகு ஆம்பிளைகள் ஆளையாள் கட்டிப்பிடித்து அழுதார்கள். வென்றார்களா தோற்றார்களா என்று பார்த்தால் தெரியவில்லை.

கதவு பூட்டாத நாள் என்பதால் நான் வாசற்படியிலேயே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன். காற்று நன்றாக இருந்தது. ஆரூரன் எல்லோருக்கும் கை ஆட்டினான். எப்போதும் முன்னால் விடுகிற சாம்பல் காரின் சொந்தக்காரர், வயதானவர், பிள்ளைக்கு ஒரு சின்னச் சால்வை தந்தார். "ஓகஸ்ற்றில் சந்திப்போம்" என்றார். பாவம், எங்கேயோ நீண்ட விடுமுறைக்குப் போகிறார் போலிருக்கிறது. அவருடைய மனுஷி மட்டும் திறப்பை வாங்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். "நீ சாப்பிடுகிறாயா?" என்று கேட்டாள். என்ன கேள்வி அது, ஒரு அந்நியப் பெண்ணிடம்! சாப்பிடுகிறேன் என்று சொன்னேன்.

பிள்ளைக்குப் பால் கொடுக்கிற உடம்பு. மெலியத்தானே செய்யும்.

ஜூன் 7, சனி

கிளினிக்கிலிருந்து இன்றைக்கு வர இருந்தவர்கள் வரவில்லை. மாட்ச். வீதி மூடியாம்.

முற்றத்தில் கார் இல்லை. "கவுன்சில் இப்ப கடுமை, முத்தத்தில விட்டாலும் தெண்டம் எழுதுறாங்கள்," என்றார். அதனால்தான் கதவையும் பூட்டிவிட்டுப் போகிறார். திறப்பு வாங்க யாரும் வரப்போவதில்லையே. சத்தமும் குறைவு. பின்னேரம் யன்னலில் நின்று பார்த்தேன். வெங்காய வாசம் இல்லை. குதிரைகளைக் காணோம். வெளியூர்ச் சனம் குறைவான மாட்ச் போல.

ஜூன் 10, செவ்வாய்

ஆரூரனுக்குப் பல்!

கீழ்முரசில், அரிசிக் குறுனி மாதிரி. விரலை வைத்தேன், கடித்துவிட்டான். நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். இவரும் சிரித்தார். தன் ஃபோனில் உனக்கு எடுத்து, ஸ்பீக்கரில் போட்டுத் தந்தார். நீ போட்ட கூச்சலில் பிள்ளை மிரண்டுபோனான்.

"எடியே, பல்லுக்கொழுக்கட்டைக்கு நான் இல்லாமலோ? சனிக்கிழமை வாறன். தலையிலை கொட்ட நான்தான் வேணும்."

அவர் ஃபோனுக்குக் கிட்டக் குனிந்தார். "சனி மாட்ச் தங்கச்சி."

"அப்ப ஞாயிறு?"

"ஞாயிறும் மாட்ச். ரெண்டு நாளும் ரோட்டு மூடு."

"என்னண்ணை இது, உங்கட ஊரிலை ஆக்களுக்குப் பந்தடிக்கிறதை விட்டா வேறை வேலையில்லையோ?"

எல்லோரும் சிரித்தோம். பிறகு நீ, "நீ சுகமாத்தானேடி இருக்கிறாய்?" என்றாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். அவர் பக்கத்தில் இருந்து பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஜூன் 14, சனி

நிதானமாக எழுத வேண்டும். நடந்ததை நடந்தபடி.

மத்தியானம் அவர் வேலைக்குப் போனார். இன்று பகல் வேலை. "மாட்ச் சனம் வரும், யன்னலைத் திறக்காதேயும்," என்று சொல்லிவிட்டுப் பூட்டிக்கொண்டு போனார். நான் தனியவே கொழுக்கட்டை அவித்தேன். பயறும் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் வைத்து, விளிம்பில் தேங்காய்ச் சொட்டைப் பல் மாதிரி குத்தி. கொட்டும்போது துணி பிடிக்க இரண்டு பேர் வேண்டும். துணியின் ஒரு தலைப்பைக் கதிரையில் கட்டினேன், மற்றத் தலைப்பைப் பல்லால் கடித்துக்கொண்டேன். தலைக்கு மேல் கொட்டினேன். அவன் ஒரு கொழுக்கட்டையைப் பிடித்து மூக்கில் அப்பிக்கொண்டான். நிலத்தில் புத்தகம், பேனா, என் சங்கிலி, சீப்பு எல்லாம் பரப்பினேன். பேனாவை எடுத்தான். அம்மாவைப் போல ஒளித்து எழுதுகிறவனாக வராமல் இருந்தால் சரி.

இவ்வளவு கொழுக்கட்டையை யார் சாப்பிடுவது? ஒரு தட்டில் போட்டுக்கொண்டு பின்வளவுக்குப் போனேன். பின்னால் ஆளுயரப் பலகை வேலி. வெளியே போக வழி இல்லாததால் அந்தக் கதவுக்குப் பூட்டு இல்லை. ஓட்ரி அந்தப் பக்கம் உடுப்புக் காயப்போடுகிற சத்தம் கேட்டது. கூப்பிட்டேன். எதன் மேலோ ஏறி நின்று தலையைக் காட்டினாள். தட்டை உயர்த்திக் கொடுத்தேன். பிள்ளைக்குப் பல் வந்தால் எங்கள் ஆட்கள் செய்கிற சடங்கு என்று விளக்கினேன்.

"இத்தனையும் எனக்கோ? உன்ரை விருந்தாளிகள் எங்கே?"

"வரேல்லை. இண்டைக்கு மாட்ச் எல்லோ. கார் விட இடமில்லை."

அவள் கொழுக்கட்டையைக் கடித்தபடி நின்றாள். "என்ன மாட்ச்?"

"மாட்ச்," என்று மைதானத்தின் பக்கம் கையைக் காட்டினேன்.

"கண்ணே, பந்தாட்டம் மே மாசத்தோட முடிஞ்சுது. அங்கை புல்லையே உரிச்செடுத்துப் போட்டாங்கள். ஓகஸ்ற் வரைக்கும் ஒண்டுமில்லை. என்ரை முற்றம் பட்டினி."

நான் சிரித்தேன். "இல்லை ஓட்ரி, போன சனியும் மாட்ச்."

"போன சனி நான் நடுத் தெருவிலை நிண்டு என்ரை காரைக் கழுவினன். ஒரு பூனை குறுக்காலை போச்சுது. அதுதான் மாட்ச்."

தெருவின் அமைதி பின்வளவு வரை தெரிந்தது. எங்கேயோ ஒரு ஐஸ்கிரீம் வான் மணி அடித்துக்கொண்டு போனது. மாட்ச் நாளில் அது வர விடமாட்டார்கள்.

அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். "உன்ரை முன்கதவு பூட்டிக் கிடக்குதோ?"

நான் இடுப்பிலிருந்த ஆரூரனின் மூக்கில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்தேன்.

"பிள்ளையை இஞ்சாலை தா. பிறகு உன்னை நான் இழுக்கிறன். வா."

"ஏன்? நான் ஆரின்ரையும் களவெடுத்தனோ?"

என் குரல் உரத்துவிட்டது, தயா. அவளுக்கு எப்படி விளங்கும்? வேலி பாய்ந்தவள் என்றால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். அடுத்த நாளே அவர் வல்வெட்டித்துறைக்கு ஃபோன் எடுத்து என் அப்பாவிடம் அந்த ஒரு சொல்லைச் சொன்னால் போதும். 'வேலி பாஞ்சிட்டாள் மாமா.' பொய்யும் இல்லை; பாய்ந்துதானே இருப்பேன். பிறகு நான் எதைச் சொன்னாலும் அப்பாவின் காதில் ஏறுமா?

தட்டைத் திருப்பித் தரும்போது அவள் அதில் ஒரு அப்பிளை வைத்துத் தந்தாள். "வெறுந் தட்டுக் குடுக்கக் கூடாது, எங்கட ஊரிலை," என்றாள். எங்கள் ஊரிலும்தான்.

ஒருவேளை மாட்ச் நின்றுபோனது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். அவரும் எங்கள் ஊர்க்காரர்தானே.

ஜூன் 21, சனி

கேட்டுப் பார்த்தேன். வேலைக்குப் போகிற நேரம், சாதாரணமாக.

"இண்டைக்கு மாட்ச் ஆரோடயப்பா?"

தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார். "நீ எப்ப தொடக்கம் பந்து பாக்கிறனீ?"

கோப்பை எப்படிக் கவிழ்ந்தது என்று எனக்குத் தெரியவில்லை. இடக்கை கொஞ்சம் பொக்களித்துவிட்டது. பற்பசை பூசியிருக்கிறேன். எழுதுகிற கை வலக்கைதான், அதனால் பிரச்சினை இல்லை.

ஜூலை 1, செவ்வாய்

பிள்ளைக்குப் புது உடுப்புத் தேவைப்படவில்லை. மே மாதத்து உடுப்பே போதுமாக இருக்கிறது. எட்டாவது மாதத்தில் அப்படி இருக்கலாமா? உன் மூத்தவளுக்கு எப்படி இருந்தது?

ஜூலை 12, சனி

இன்றைக்கும் மாட்ச் என்றார். தெருவில் பெடியள் சைக்கிள் ஓடினார்கள்.

பின்னேரம் அவர் குசினியில் நின்று யாரோடோ ஃபோனில் கதைத்துக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில். நான் பிள்ளைக்குக் கஞ்சி தீத்திக்கொண்டிருந்தேன். குரலில் நல்ல உற்சாகம். "ஓம் சேர், ஓகஸ்ற் பதினாறு, சனி, மூண்டு மணி. இந்த முறை முதல் மாட்ச். உங்கட இடம் இருக்கு. கல்லுக்குப் பக்கத்திலை. வழமை போலத் திறப்பை மனுசியிட்டைக் குடுங்கோ."

முதல் மாட்ச் என்றார். முதல் என்றால் அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை.

கரண்டி என் கையில் நின்றுபோனது. ஆரூரன் வாயைத் திறந்தபடி காத்துக்கொண்டிருந்தான். பிறகு தீத்தினேன். முழுதும் குடித்தான்.

ஃபோனை வைத்துவிட்டு வந்து, "என்ன பாக்கிறீர்?" என்றார்.

"ஒண்டுமில்லை. கஞ்சி சூடு."

ஜூலை 26, சனி

குப்பைப் பெட்டியை உருட்டிக்கொண்டு போய் வைக்கச் சொன்னார். தான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் மெதுவாகப் போய் மெதுவாக வந்தேன். செங்கல் அப்படியே இருக்கிறது. சென்ற தடவை நின்ற காரின் எண்ணெய்க் கறையும் இருக்கிறது. கறைக்கும் சுவருக்கும் இடையில் பெட்டியைச் சரித்துக் கொண்டுபோனால் மட்டுமட்டாகக் கொள்ளும். திரும்பி வரும்போது பெட்டி இல்லாமல் நானே அதற்குள்ளால் வந்தேன், சும்மா வருகிற மாதிரி.

மாலையில் ஓட்ரியோடு வேலிக்குப் பக்கத்தில் நின்று இரண்டு நிமிஷம் கதைத்தேன். அவள் இந்த முறை பாயச் சொல்லவில்லை. நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, "சரி. வாசலாலே," என்றாள்.

ஓகஸ்ற் 2, சனி

தயா, இன்றோடு இந்த டயரியை முடித்து வேலிக்கு மேலால் ஓட்ரியிடம் கொடுக்கப்போகிறேன். அவள் தபாலில் போடுவாள். உன் விலாசம் எனக்கு மனப்பாடம். கல்யாணத்துக்கு நீ அனுப்பிய கடதாசியில் இருந்தது. முன்னுக்கு எழுதியதை எல்லாம் திருப்பி வாசித்தேன். கிழித்துவிட்டுச் சுருக்கமாக எழுதலாமா என்று யோசித்தேன். கிழிக்கவில்லை. நீ வாசி.

உனக்கும் தெரிந்திருக்காது, எனக்குத் தெரியாத மாதிரியே. எங்கள் ஊரில் பந்து நிற்பது மழைக்கு மட்டும்தானே. இங்கே மே மாதத்தில் நின்று ஓகஸ்ற்றில்தான் தொடங்கும். உன்னை வரவேண்டாம் என்று சொன்ன ஜூன் மாதத்துச் சனிக்கிழமை இந்தத் தெரு முழுக்க வெறுமை. எங்கே வேண்டுமானாலும் நீ கார் விட்டிருக்கலாம். ஒருவரும் தெண்டம் எழுதியிருக்கமாட்டார்கள்.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேள். மாட்ச் இல்லாத நாளில் வராதே. மாட்ச் நாளில் வா. ஓகஸ்ற் பதினாறு, சனி. அன்றைக்குத்தான் கதவு பூட்டாமல் இருக்கும், கார்க்காரரிடம் நான் திறப்பு வாங்க வேண்டும் என்பதால். அவர் கம்பளக் கடை வளவில் நிற்பார். மாட்ச் தொடங்குவதற்கு முந்திய ஒரு மணித்தியாலம் கார்கள் வரிசை கட்டி நிற்கும். தலை நிமிர அவருக்கு நேரமிராது. ஃபோனையும் எடுக்கமாட்டார். அது எனக்குத் தெரியும்.

காரைக் கொண்டு வராதே. கார் விட இடம் கிடையாது, இந்த முறை மெய்யாகவே கிடையாது. ரெயினில் வா. ஸ்ரேசனில் இறங்கிச் சனத்தோடு சேர்ந்து நட, வழி கேட்கத் தேவையில்லை, எல்லோரும் இங்கேதான் வருவார்கள். எங்கள் தெரு முனையில் மஞ்சள் பலகை தொங்குகிற விளக்குக் கம்பம் இருக்கிறது. ஓட்ரி தன் அட்டைப் பலகையோடு அதற்குக் கீழே நிற்பாள். அவளோடு நில். வாசலுக்கு வராதே. நான் வருவேன்.

பிராம் கொண்டுவரமாட்டேன், அதற்குச் சில்லு இல்லை. பிள்ளையைச் சேலையால் நெஞ்சோடு கட்டிக்கொள்வேன். பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்று தெரியாது. பிள்ளையின் ஊசிப் புத்தகம் இருக்கிறது, அதை எடுத்துக்கொள்வேன். காருக்கும் சுவருக்கும் இடையில் ஏப்ரல் மாதத்தில் இருந்த நான் போயிருக்கமாட்டேன். இப்போது போவேன்.

பிறகு ஸ்ரேசன். எல்லோரும் மைதானத்துக்கு வருகிற நேரத்தில் நாம் எதிர்ப்பக்கம் நடப்போம். இடித்தால் இடிக்கட்டும்.

நிரந்தரமாக என்று நான் சொல்லவில்லை. அப்படிப் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. இரண்டு மூன்று நாள் உன்னோடு இருந்து, பிள்ளையின் நிறையைக் காட்டி, அந்த ஊசியைப் போட்டுவிட்டு, பிறகு யோசிக்கலாம். உன் அவரிடம் அப்படியே சொல்லு. அப்பாவிடம் நான் வாசலால் வந்தேன் என்று சொல்லு. பகலில், நாலு பேர் பார்க்க, முன்வாசலால்.

நீ வருவாயோ மாட்டாயோ என்று எனக்குத் தெரிய வேண்டும். வராவிட்டாலும் கோபமில்லை, ஆனால் தெரிய வேண்டும். இந்த வீட்டுக்கு எழுதாதே. ஓட்ரியின் விலாசம் மட்டையின் உட்பக்கத்தில் இருக்கிறது. ஒரு வரி போதும்.

கெதியாகப் பதில் போடு, தயா.